நாலு லாட் தலை

வர்ஷினியின் தலையிலிருந்து விழுந்த முதல் பேன் எள்ளளவுதான் இருந்தது. அதைப் பார்த்ததற்கே மகுடேஸ்வரனுக்குக் காலையில் தின்ற இட்லி தொண்டை வரை வந்துவிட்டது.

பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருசமாக அவர் செக்கிங் மாஸ்டர். துணியில் கடுகளவு கறை இருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுகிற கை. அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே டேமேஜ்!

"வெள்ளிக்கிழமை டீச்சர் தலையப் பாப்பாங்களாம்ப்பா. ஒரு பேன் இருந்தாலும் ஆண்டு விழா டான்ஸ்ல சேத்த மாட்டாங்களாம்," என்று விசும்பினாள் மூன்றாம் வகுப்பு வர்ஷினி.

"கிராப்பு வெட்டீரலாமுங்க," என்றாள் அவர் மனைவி நதியா. இடுப்பைத் தொடும் முடி. பிள்ளை வீறிட்டாள்.

"பொறு அம்மிணி. எந்த மருந்து கேக்குதுன்னு முதல்ல டெஸ்ட் பண்ணோணும்," என்றார் மனைவியிடம்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் துணிக்கட்டைப் பிரிப்பதுபோல் மகளின் தலையை வகிடெடுத்து நாலு லாட்டாகப் பிரித்தார். ஒன்றில் வேப்பெண்ணெய், ஒன்றில் மருந்துக்கடை லோஷன், ஒன்றில் வினிகர், கடைசியில் வெறும் தண்ணீரும் பேன் சீப்பும். லாட்டுக்கொரு ஸ்டிக்கர் வேறு. வீடே சாக்கடையில் ஊறுகாய் போட்டது மாதிரி நாறியது. மடியில் விரித்த வெள்ளைப் பனியன் துணியில் விழுந்தவை எண்ணெயில் நீந்தி, காலை உதைத்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் கருஞ்சிவப்பாய் மகளின் ரத்தம். நகத்தில் வைத்து நசுக்கியபோது கேட்ட 'டப்' சத்தத்தில் இரண்டு முறை வாசலுக்கு ஓடினார்.

வேப்பெண்ணெய்ப் பக்கம் ஒன்றுமில்லை. சீப்புப் பக்கம் நாற்பது. "வேப்பெண்ணெய் பாஸ்!" என்று அறிவித்தார்.

"ஏனுங்க, நாத்தம் தாங்காம அதுக பக்கத்து லாட்டுக்கு நடந்து போயிருக்கும். உங்க ஸ்டிக்கரப் பாத்தா நின்னுக்குமா?"

மாஸ்டர் நாலு ஸ்டிக்கரையும் உரித்தெடுத்தார். பிறகு நதியா சொன்னபடி, டப்பாவில் எழுதியிருந்த மாதிரியே தலை முழுக்க லோஷன். தினமும் ஈரத்தலையில் சீப்பு. செவ்வாய் சுத்தம். புதன் சுத்தம். வியாழன் சாயங்காலம் சீப்பில் கொழுகொழுவென்று ஒன்று.

"குஞ்சா இருந்தா ஈரு பொரிஞ்சுதுன்னு சொல்லலாம். இது பெரிய ஆளு," என்றாள் நதியா. "வேற எங்கியோ இருந்து வந்துருக்குது. என் தலைய நேத்தே வாரிப் பாத்துட்டேன், இல்லை."

மகுடேஸ்வரன் காதுக்குப் பின்னால் சொறிந்தார். பத்து நாளாகவே சொறிகிறார், பஞ்சுத்தூசி என்று நினைத்துக்கொண்டு. தினமும் அவர் தோளில் தலையைச் சாய்த்துத்தான் வர்ஷினி டிவி பார்ப்பாள்.

"கொஞ்சம் குனியுங்க."

வெள்ளைத் துணியில் மூன்று விழுந்தன. வர்ஷினி ஓடிப்போய் அவர் நெற்றியில் சிவப்பு அம்பை ஒட்டினாள். "அப்பா ரிஜெக்ட்!"

"லோஷன் மிச்சம் இருக்குதுங்க."

"வேண்டாம் அம்மிணி. ஒண்ணு தப்புனாலும் பிள்ளைக்கு டான்ஸ் போயிரும்."

நேரே சலூனுக்குப் போனார்.

மறுநாள் கம்பெனியில் ஆளாளுக்கு, "பழனிக்குங்களா மாஸ்டர்?" என்றார்கள்.

"ஆமாங்க. வேண்டுதல்."

பதினொரு மணிக்கு நதியாவின் போன். "சேத்தீட்டாங்க! முன்வரிசையாம்!"

கண்ணைத் துடைத்த கை தானாக மேலே போய் மொட்டையைச் சொறிந்தது. அங்கே ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஊர்ந்துகொண்டேதான் இருந்தது.