மொட்டை மாடியில் மர முட்டை

உலகத்தின் எந்த மூடத்தனத்தையும் ஒரே ஒரு நையாண்டியால் ஒழித்துவிடலாம். மயிலாப்பூரில் அந்த ஆற்றல் எனக்கு மட்டுமே இருந்தது. 1994-ல் எங்கள் ஃபிளாட் சங்கக் கூட்டத்தில் அதை நிரூபித்தேன்.

தண்ணீர்த் தொட்டியில் புறா எச்சம் விழுகிறது என்று புகார். மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் கரீமுல்லா பாய் கச்சேரி ரோட்டில் கட்டில் கால் கடைபவர். பையிலிருந்து இரண்டு மர முட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"புதுசா முட்ட வெச்சா எடுத்துட்டு இத வைங்க. சும்மா எடுத்தா திரும்ப வெக்கும். இது இருந்தா நெசம்னு அடகாத்துக்கினு கெடக்கும். தொட்டிக்கு மூடி போடுங்க. கூட்டம் தானா கொறையும்."

நான் எழுந்தேன். "புறாவுக்குக் குடும்பக் கட்டுப்பாடா பாய்? சிவப்பு முக்கோணம் வரைஞ்சிடலாமா?" பிறகு முகம் மாறாமல் முழங்கினேன்: "விஷம் வைப்போம்! அதுதான் நாகரிகம். புறா முடிஞ்சதும் பூனை, அப்புறம் வாடகை தராதவா!"

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் வெங்கடரமணன் மாமா மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து பேப்பர் எடுக்கக் கீழே போனேன். அறிவிப்புப் பலகையில் தீர்மானம்: "இன்று காலை புறாக்களுக்கு விஷம் வைக்கப்படும். முன்மொழிந்தவர்: சாய்சரண்."

மேலேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கா... கா..."

அமாவாசை. காக்காய்க்குச் சாதம்.

மூன்று மாடியும் ஓடினேன். கைப்பிடிச் சுவரில் அம்மா வைத்த சாத உருண்டை. பத்தடி தள்ளி, தொட்டியருகே, ஒரு தட்டு நிறைய விஷக் கோதுமை. ஒரு காக்காய் தட்டை நோக்கித் தத்திக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை அதன் மேல் வீசினேன்.

"டேய், அமாவாசையும் அதுவுமா விரட்டறியே! தாத்தாடா அது!"

"தாத்தாதாம்மா விஷத்தைச் சாப்பிடப் போறார்!"

அம்மா கரண்டியோடு உறைந்து நின்றாள். இரண்டாவது பொட்டலத்துடன் படியேறி வந்தார் மாமா.

"வேண்டாம் மாமா. நான் கேலிக்குச் சொன்னேன்."

"நீ முகத்தைச் சிரிக்காம வெச்சுண்டு சொன்னா எனக்கு எப்படிடா தெரியும்? ஒருத்தரும் ஆட்சேபிக்கலையே?"

"இன்னிக்கு உங்காத்துலேயும் சாதம் வைப்பேளே மாமா?"

மாமா தட்டைப் பார்த்தார். அவருடைய அப்பா போய் ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அந்தக் காக்காய் தொட்டி மேல் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டது.

"ஏற்கெனவே கொத்திடுத்தோ?" என்றார், குரல் இறங்கி.

யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்தபடி நின்றோம். அது ஒரு கண்ணை மூடியது. ரொம்ப நேரம் கழித்து அலகைத் தொட்டியில் தீட்டிவிட்டு, கோயில் பக்கமாகப் பறந்தது.

மாமா தட்டை மூடி எடுத்துக்கொண்டார். "ஒரு மாசம் டயம் தரேன். தொட்டிக்கு நீதான் பொறுப்பு."

மறுநாள் மத்தியானம், மாடியில் யாரும் இல்லாத நேரம், சன்ஷேடில் குப்புறப் படுத்திருந்தேன். புறா இறக்கையால் மணிக்கட்டில் அறைந்தது. வயிற்றுக்கடியில் கைவிட்டு நிஜ முட்டைகளை எடுத்துவிட்டு, காலையில் பாயிடம் கேட்டு வாங்கிய ஒரு பை மர முட்டைகளில் இரண்டை ஒவ்வொன்றாக உருட்டி வைத்தேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது.

அடுத்த கூட்டுக்கு நகர்ந்தேன்.