பிழை திருத்தியவர்

தேன்துளி என்பது அவள் தன் பக்கத்துக்கு வைத்துக்கொண்ட பெயர். நான் அவளுக்கு மனதுக்குள் வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது. என் வலைப்பூவில் நான் எழுதியதையெல்லாம் அவள் அப்படியே சுருட்டிக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் நான் போட்டால் மத்தியானத்துக்குள் அங்கே இருக்கும். ஒரு வார்த்தை மாறாது, ஒரு புள்ளி மாறாது.

நான் எழுதியது கதையோ கவிதையோ இல்லை. பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த புருஷனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று எழுதினேன். ஒரே ஆளாக அவரை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் வருவதற்கு முன் தோல் எந்த நிறத்துக்கு மாறும், தொண்டையில் சிக்காமல் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது எப்படி, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டிலருகே நின்று அவர் காதுபடவே பெருமூச்சு விடும்போது அவர்களை எப்படி வெளியே தள்ளுவது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் வாசகர்கள் அதிகம்.

அவருக்கு வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்துபவராக வேலை பார்த்தவர். இடது கையின் ஒரு விரலால் டேப்லெட்டில் தட்டித்தான் பேசுவார். நான் எழுதிய எதையும் அவர் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. அதுதான் எங்கள் ஏற்பாடு. நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுவேன், அவர் ஒரு மத்தியானத்தில் அதைக் குதறிப்போடுவார். 'மிகை' என்று தட்டுவார். 'அன்னிக்கு மழை இல்ல' என்று தட்டுவார். ஒரு தடவை, அவர் விழுந்த நாளைப் பற்றி நான் உருகி உருகி எழுதியிருந்ததற்கு, 'நீ அழல, திட்டின' என்று தட்டினார். உண்மைதான், திட்டத்தான் செய்தேன். வெட்டிவிட்டேன்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'பிழை திருத்தியவர்: என் கணவர்' என்று ஒரு வரி போடுவேன். அதைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தின் இடப்பாதி சிரிக்கும். சாப்பிடுவது, திரும்புவது, துடைப்பது எல்லாமே அவருக்கு என் கையால்தான். அந்த ஒரு வரிதான் அவர் தன் கையால் சம்பாதித்தது.

தேன்துளி என்னிடமிருந்து திருடிய ஒவ்வொன்றிலும் அந்த வரியை மட்டும் வெட்டியெறிந்திருந்தாள்.

கண்டுபிடித்துச் சொன்னது என் கொழுந்தன். மொபைல் கடை வைத்திருக்கிறான். அண்ணி எங்கேயோ போய்விட்டீர்கள், ஆயிரக்கணக்கில் பகிர்கிறார்கள் என்று போனை நீட்டினான். பார்த்தால் எழுத்து என்னுடையது, பக்கம் எவளுடையதோ. அவர் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போனார், மறுபடி மேலே வந்தார், மறுபடி அடிக்குப் போனார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது, கொழுந்தனுக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் ஸ்பூனை வாயருகே கொண்டுபோனபோது அவர் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை.

முதலில் மரியாதையாகத்தான் எழுதிக் கேட்டேன். 'வலி எல்லாருக்கும் பொதுதானேக்கா, நல்லது நாலு பேருக்குப் போய்ச் சேரட்டுமே' என்று பதில் போட்டாள். அதற்கு மேல் நான் எதுவும் எழுத முடியாதபடி கதவைச் சாத்திவிட்டாள். அந்தப் பக்கங்களை நடத்தும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். நான் நான்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். நிரூபித்தேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு இயந்திரம் பதில் எழுதியது. கொழுந்தன் சமாதானம் சொன்னான், நல்லா இருப்பதைத்தானே திருடுவார்கள், பெருமைப்படுங்கள் என்று. உன் கடையை ஒருநாள் எவனாவது வழித்துக்கொண்டு போகட்டும், நானும் வந்து இதையே சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவன் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டான்.

ஆத்திரம் தாங்காமல் ஒரு பதிவின் நடுவில், 'நான் ராப்பகலாகக் கண்விழித்து எழுதுவதை நோகாமல் திருடிப்போடும் மூதேவி ஒருத்தி இருக்கிறாள்' என்று எழுதினேன். அவர் அதற்கு 'மிகை' என்று தட்டினார். நான் கேட்கவில்லை. மத்தியானம் பார்த்தால், அந்த மூதேவி அந்த வரியோடு சேர்த்தே போட்டிருந்தாள். அதற்குக் கீழே அவளுடைய வாசகர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். யார் அக்கா உங்கள் எழுத்தைத் திருடுவது, பெயரைச் சொல்லுங்கள், உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறோம் என்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அவள் படிப்பதே இல்லை. அடிவரியை நறுக்கிவிட்டு மிச்சத்தை அப்படியே தூக்கி ஒட்டுகிறாள்.

அதற்குள் அவளுடைய வாசகர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து அவளுக்குக் காற்றுமெத்தை ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். மோட்டார் வைத்தது, தானாக ஏறி இறங்கி, உடம்பில் ஒரே இடம் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளும். படம் போட்டிருந்தாள். மெத்தை, அதன்மேல் ஒரு ஆண்பிள்ளைக் கை. நல்ல கொழுத்த கை, கடிகாரம் கட்டிய கை. அன்று காலையில்தான் என் வீட்டுக்காரரின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பதைப் பார்த்திருந்தேன். அந்தச் சிவப்பு எதில் போய் முடியும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் காட்டியவள் நான்.

படத்தை அவரும் பார்த்தார். 'விடு' என்று தட்டினார். விட்டுவிடுகிறேன் என்றேன். விடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் கைகால் பயிற்சி முடிந்த அசதியில் தூங்கும்போது அடுப்படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். படிக்காமல் ஒட்டுகிறவள் தன் புருஷனின் சாவையும் படிக்காமல் ஒட்டுவாள். ஒட்டட்டும். பதிவில் அவர் அன்று விடிகாலையில் செத்துப்போனார்.

எழுதக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. தண்ணீர் மாதிரி வந்தது. உலை கொதிப்பதற்குள் முடித்துவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை. அவரிடம் காட்டவில்லை. இது பதிவு இல்லை, எலிப்பொறி, எலிப்பொறிக்கு யார் பிழை திருத்துவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடியில் அவர் வரியையும் போடவில்லை.

எலி விழுந்தது. மெத்தை கொடுத்த குழுவுக்கு அவள் வீடு தெரியும். அந்தக் குழுவின் தலைவி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள், கண்ணீரும் கம்பலையுமாக நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மலர்வளையத்தோடு அங்கே போய் நின்றிருக்கிறார். கூட வந்த ஒருத்தி போனில் படம் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். கதவைத் திறந்தவன் வாயில் பிரஷ், தோளில் துண்டு, குத்துக்கல் மாதிரி நின்றான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவனாம். தலைவி குரல் தழுதழுக்க, வீட்டுக்காரர் தவறிவிட்டாராமே என்று கேட்டார்.

"நான்தாங்க வீட்டுக்காரர்" என்றான் அவன்.

அந்தப் படம் ஒரே நாளில் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. தேன்துளியின் மானம் கப்பலேறியது. அவனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர்கள் பாடி எப்போது எடுக்கிறார்கள் என்று அவனையே கேட்டார்களாம். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவள் தன் புருஷனுக்குப் பின்னால் நின்று முகத்தை மூடிக்கொள்ளும் இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். இவ்வளவு சந்தோஷம் எனக்குள் மிச்சமிருந்தது எனக்கே தெரியாது.

என் பதிவுக்கு மேலே, என் கணவர் நலமாக இருக்கிறார், இது திருடியைப் பிடிக்க வைத்த பொறி என்று ஒரு குறிப்புப் போட்டேன். பதிவை எடுத்திருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

அவள் போன் செய்தாள். எண்ணை எங்கே பிடித்தாளோ தெரியவில்லை. மெத்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் புருஷன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகவும் அழுதாள். நன்றாக அழட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுது முடித்தபின் சாதாரணக் குரலில் பேசினாள்.

"நான் திருடினது தப்புதான்க்கா. ஆனா நான் உங்களைப் பாத்து எழுதினேன். நீங்க எதைப் பாத்துக்கா எழுதினீங்க?"

போனை வைத்துவிட்டேன். வாயாடி.

இவ்வளவு நடந்தும் அவருக்கு எதுவும் தெரியாது. டேப்லெட் பழுதாகிவிட்டது, கொழுந்தன் கடையில் இருக்கிறது என்று சொல்லி அலமாரியில் ஒளித்துவைத்திருந்தேன். அது அவருக்கு வாய். வாயைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன் என்பதுதான் நேர்ப்பேச்சு. பசித்தால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். புரட்டச் சொல்லித் தட்டினார். சில சமயம் நான் வந்து நின்ற பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார், என்ன வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு வேலை குறைச்சலாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு ஒருநாள் காலையில் குழுத் தலைவி மெத்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உரிய இடத்தில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம். கூட வந்த இரண்டு பேரும் நானும் சேர்ந்து அவரைத் தூக்கி, மெத்தையை விரித்து, மறுபடி படுக்கவைத்தோம். மோட்டார் முனகியது. மெத்தை அவருக்கு அடியில் மெல்ல உப்பி ஏறியது. அவர் முகத்தில் இடப்பாதி தளர்ந்தது. அந்த ஒரு நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தலைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இறந்துட்டதா இவங்க எழுதினதைப் படிச்சு நாங்க எவ்வளவு அழுதோம் தெரியுமா சார்? அப்படியே கண்ணு முன்னால நடந்த மாதிரி எழுதியிருந்தாங்க."

நான் காபி கலக்கப் போகிறேன் என்று நழுவப் பார்த்தேன். அவர் கட்டில் சட்டத்தைத் தட்டினார். நான் திரும்பிப் பார்க்கும்வரை தட்டினார். அவர்கள் போனபின் அலமாரியைத் திறந்து டேப்லெட்டை எடுத்துக் கொடுத்தேன். பழுது என்று சொன்னது எப்படி அங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

மேலே இருந்த குறிப்பை ஒரு விரலால் தள்ளிவிட்டுப் பதிவைப் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். 'அவர் போன பிறகும், பழக்கத்தில், புரட்டும் நேரம் வந்ததும் அவரை இடப்பக்கமாகப் புரட்டினேன். முதுகுக்குத் தலையணை வைத்தேன். அப்புறம்தான் இனிப் புரட்ட வேண்டியதில்லை என்பது உறைத்தது. கைகளைப் பார்த்தேன். அவை இரண்டும் என்னுடையவை. ஜன்னலைத் திறந்தேன். இன்று எங்கேயாவது நடந்து போகலாம் என்று தோன்றியது.'

ஜன்னல் வந்த இடத்தில் அவர் விரல் நின்றது. அப்புறம் அடிவரைக்கும் போனது. மறுபடி மேலே வந்து இன்னொரு முறை படித்தார், வேலை நாட்களில் படிப்பது போலவே, ஒவ்வொரு சொல்லாக. 'மிகை' என்று தட்டுவார் என்று காத்திருந்தேன். தட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

'ஒரு பிழை இல்ல' என்று தட்டினார்.

உங்களுக்காகத்தான் செய்தேன், உங்கள் வரியை அவள் வெட்டியதற்காகத்தான் செய்தேன் என்று அழுதேன். அவர் பதிலுக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்.

'எத்தன நாளா எழுதிட்டிருந்த?'

"இல்லைங்க, அன்னிக்கு மத்தியானம்தான். சோறு வேகுறதுக்குள்ள எழுதினது" என்றேன். வாய் தவறி உண்மை வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குக் குறைந்து ஒரு பத்தி எழுதத் தெரியாதவள் நான் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பதிவை அழித்துவிடுகிறேன் என்று டேப்லெட்டை எடுக்கப் போனேன். இடது கையால் அதைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தட்டி என் பக்கம் திருப்பினார்.

'அழிக்காத. தேவைப்படும்.'

நான் அழிக்கவில்லை.