குறட்டைக்குப் பதில் சொன்ன தவளை

1

"அழிஞ்சுக்கிட்டு வர்ற ஒரு உயிரினத்தைப் பத்தி உருக்கமா ஒரு கதை வேணும். படிக்கிறவங்க அழணும்" என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். அதில் தொடங்கியதுதான் இந்தக் கதை. புலியை வைத்து ஆரம்பித்தேன்: 'அந்திச் செம்மையில் அது தன் கடைசி…'

கடைசி என்ன? தெரியவில்லை. நான் புலியைப் பார்த்தது பிஸ்கட் பாக்கெட்டில்தான். தவளைக்கு மாறினேன். தவளைக்கு யார் சார் அழுவாங்க என்றார் பத்திரிகைக்காரர்.

2

தவளை நிலையம் ஒன்றில் ஒரு பராமரிப்பாளர் இருந்தாள். ஓடைகள் வற்றியும் நோய் வாரிக்கொண்டு போயும், ஓர் இனத்தில் எஞ்சியவை அவளுடைய கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த இரண்டே தவளைகள். ஆண் கத்தினால்தான் பெண் நெருங்கும். ஆணோ வந்த நாள்முதல் வாயே திறக்கவில்லை.

(முதல் பிரதியில் இவளை ஓயாமல் அழவைக்கப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை, தொட்டி கழுவப் போய்விட்டாள்.)

குழாயில் பொய்மழை பெய்வித்தாள். பழைய தவளைக் குரல்களைப் பதிவிலிருந்து போட்டாள். கடைசியில் தானே கத்தியும் பார்த்தாள். தவளை அவளை ஏற இறங்கப் பார்த்தது.

3

ஒரு மதியம் அவள் கணவர் சாப்பாடு கொண்டுவந்தார். லாரி ஓட்டுபவர், கிடைத்த இடத்தில் தூங்கிவிடுவார். தொட்டியோரப் பெஞ்சில் மல்லாந்தார். குறட்டை கிளம்பியது. தொட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.*

அவள் கையிலிருந்த வாளி நழுவியது. கணவர் விழித்துக்கொண்டார்.

"என்னம்மா சத்தம்?"

"தவளைதாங்க. உங்க குறட்டையைக் கேட்டு, போட்டிக்கு ஆள் வந்துட்டான்னு நினைச்சிருக்கு."

"நான் எப்போ குறட்டை விட்டேன்?"

கல்யாணமான நாள்முதல் இதை மறுத்துவருபவர் அவர்.

"இந்த ஒரு தடவை ஒத்துக்கோங்க. ஒரு இனமே உங்களை நம்பி உட்கார்ந்திருக்கு."

அவர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். தவளையின் தொண்டை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"தலகாணி இருக்கா?" என்றார்.

*தவளை அறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இது நான் கட்டிவிட்டது.

4

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் தொட்டி நிறைய முட்டை; நிலைய இயக்குநர் பாராட்டிப் பேசுகிறார்; கணவர் அதிலும் தூங்குகிறார். அடித்துவிட்டேன். வெளியே ஓடைகள் இன்னும் வற்றித்தான் கிடக்கின்றன, குஞ்சுகளை எங்கே கொண்டுபோய் விடுவது? மற்றதில் பத்திரிகைக்காரர் கேட்ட அழுகை இருந்தது. அதை எழுத எழுத அவள் என்னை முறைத்தாள். நிறுத்திக்கொண்டேன்.

ஆகவே நடந்தவரை சொல்கிறேன். மறுநாள் மதியம். கணவர் குறட்டை விடுகிறார். ஆண் கத்துகிறது. பெண் இலையிலிருந்து இறங்கி, ஒரு சாண் இடைவெளிக்கு வந்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் மழைக்குழாயைப் பிடித்திருக்கிறாள். விட்டால் மழை நின்றுவிடும்.

அப்போது கணவர் ஒருக்களித்துப் படுத்துவிட்டார். குறட்டை நின்றது. ஆணும் நிறுத்திக்கொண்டது. பெண் ஒரு காலைத் தூக்கியபடி யோசிக்கிறது.

அவள் மெல்லத் திரும்புகிறாள். என்னைப் பார்க்கவில்லை, எழுதுகிறவன் கைக்கு அந்தப் பெஞ்சு எட்டாதென்று அவளுக்குத் தெரியும். உங்களைத்தான் பார்க்கிறாள்.

"அவரைக் கொஞ்சம் மல்லாத்திப் படுக்க வைக்கிறீங்களா? எழுப்பிடாம."