சூரிய அடுப்பில் சொஜ்ஜி

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. சொஜ்ஜி மட்டும் மொட்டை மாடியில் வெயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

தேவிப்ரியா சமையலறை ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். ஆரணியில் மே மாதம் மேகம் வருமா? இன்றைக்கென்று வந்து நின்றது.

எல்லாம் அப்பாவால்தான். 2008இல் ஊருக்கெல்லாம் மின்வெட்டுக் கவலை என்றால் தனசேகரனுக்கு மட்டும் பூமி சூடாகிற கவலை. செய்யாறில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்தவர், வீட்டிலிருந்து பொட்டுப் புகை வெளியேறக் கூடாது என்று முடிவெடுத்தார். ஃபிரிஜ் பட்டு நூல் வைக்கும் பீரோவானது. இஸ்திரிப் பெட்டி பரணேறியது. மனைவி பொன்னம்மாள் சண்டைக்கு வந்தால், "மூச்ச கம்மியா வுடு, அதுவும் கார்பன்தான்" என்பார். பின்கட்டில் ஓடும் இரண்டு விசைத்தறிகள் மட்டும் கணக்கில் வராது. அது சோறு.

இன்று காலை சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டார். சம்பந்தம் பேச வருபவர்களுக்குச் சூரிய அடுப்பின் பெருமையைக் காட்ட வேண்டுமாம்.

மாப்பிள்ளை ஜெயச்சந்திரன் அவள் வேலூர் பஸ்ஸில் பார்த்துப் பழகியவன். கண்ணமங்கலத்துக்காரன். தன் அம்மா காசியம்மாளை இங்கே கூட்டிவர ஒரு வருஷம் கெஞ்சியிருக்கிறான். "அம்மா ஒரு தடவதான் வருவாங்க, பிடிக்கலன்னா அவ்ளோதான்" என்று நேற்றுகூடச் சொன்னான்.

பொன்னம்மாள் மாடியிலிருந்து பாத்திரத்தோடு இறங்கி வந்தாள்.

"ரவை இன்னும் நீச்சலடிச்சிகினு இருக்குதுடி."

"அப்பாகிட்ட ரெகுலேட்டர வாங்கிகினு வாம்மா, ஜல்தியா."

"கேட்டேன். கண்ணாலயே முறைக்கிறாரு. பேசாம, உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி இன்னொரு நாள் வரச்சொல்லிடலாமா?"

"வர மாட்டாங்கம்மா. அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா, வெளக்கெண்ண குடிச்சாப்ல. அவங்க எழுந்து போய்ட்டா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அவருன்னா எனக்கு உசுரும்மா. கேவலம் பச்சத்தண்ணி ரவையாலயா எல்லாம் போவணும்?"

கூடத்தில் யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். 'டக்'.

தேவிப்ரியா கூடத்துப் பக்கம் திரும்பினாள். டம்ளர் வைக்கிற சத்தம் இந்த வீட்டில் என்றைக்குக் கேட்டது? தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். ரகசியம் என்றால் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்துவார்கள். இப்போதும் அம்மாவும் பெண்ணும் அப்படித்தான் கத்தியிருக்கிறார்கள். அப்பா விருந்தாளிகளுக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தது பதற்றத்தில் உறைக்கவில்லை.

"ஐயோ, போச்சி" என்றாள். அதுவும் கூடம்வரை கேட்டது.

திரைச்சீலை விலகியது. காசியம்மாள் நின்றாள். அவள் கையில் ரெகுலேட்டர்.

"வெளக்கெண்ண இல்லம்மா" என்றாள். "கண்ணமங்கலத்துலருந்து பஸ்ஸுல நின்னுகினே வந்தா யார் மூஞ்சியும் இப்டித்தான் இருக்கும்."

தேவிப்ரியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அழுகை முட்டியது. காசியம்மாள் குனிந்து சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டினாள். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு வருசமா எங்க வூட்டுல ஒருத்தன் சரியா சோறு துன்றதில்ல. அவன் மட்டுந்தான் பைத்தியமோன்னு பயந்துகினு வந்தேன்."

பொன்னம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்தன்னிக்கி அண்ணன சமையக்கட்டுப் பக்கம் வுடாதீங்க."

கூடத்திலிருந்து தனசேகரனின் தறிக்குரல் வந்தது: "பகல் முகூர்த்தமா வெச்சிக்கலாங்க. சீரியல் லைட்டு மிச்சம்."

தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்து, குமிழைக் கடைசிவரை திருப்பினாள்.