பத்து வருடம் ஐந்து நாள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையின் வில்லன் நான்தான்.

மீசையை முறுக்குகிற வில்லன் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். கம்பெனி கொடுத்த நீல டை, மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. நார்த் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் மாலை ஐந்து மணிக்கு ஆம்ஸ்டர்டாம் கிளம்பும் கப்பலுக்கு, கார் இல்லாமல் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து உள்ளே அனுப்புகிற வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். வெள்ளிக்கிழமை ஏறினால் இரண்டு இரவு கடலில், நடுவே ஐந்து மணி நேரம் ஊர் சுற்றல், ஞாயிறு காலை வீடு. எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்களும், கல்யாணத்துக்கு நாள் குறித்த மாப்பிள்ளைகளும் ஒருமுறையாவது போய்வருகிற குட்டி உல்லாசப் பயணம்.

2023 ஜூன் பதினாறாம் தேதி, என் கவுன்ட்டரில் பன்னிரண்டு நிமிடம் ஒரு விஷயம் நடந்தது. அதை இதுவரை ஏழு தடவை எழுதிவிட்டேன். ஏழு தடவையும் நான் நல்லவனாக வரவில்லை. நீங்கள் படிப்பது எட்டாவது.

2

தொடக்கம், முதல் முயற்சி: கடல் அன்று சாம்பல் நிறத்தில்

(என்றைக்குத்தான் இங்கே கடல் வேறு நிறத்தில் இருந்தது? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி: காதலுக்கு வயதில்லை, ஆனால் பாஸ்போர்ட்டுக்கு

(வெட்கமாக இருக்கிறது. இதை நீங்கள் பார்க்கவில்லை.)

மூன்றாவது: ஐலீன் ராப்சன் தன் அறுபத்தேழு வருடத்தில் ஒரு தேதியைக்கூடத் தவறவிட்டவர் அல்ல.

இது இருக்கட்டும். முப்பத்தோரு வருடம் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் இருந்தவர். ‘உங்கள் பல்லைக் காட்டி ஆறு மாதம் ஆகிவிட்டது’ என்று ஊருக்கே அட்டை அனுப்பியவர். பத்து வருடத்துக்கு முன், பழைய பாஸ்போர்ட் முடிய எட்டு மாதம் இருக்கும்போதே புதுசுக்கு எழுதிப் போட்டு வாங்கியவர். இதை நினைவில் வையுங்கள். அந்த முன்ஜாக்கிரதைதான் அவரைக் கவிழ்த்தது.

3

இங்கே கொஞ்சம் சட்டம் பேசியாக வேண்டும். கொட்டாவி வந்தால் விடுங்கள், நான் கண்டுகொள்ள மாட்டேன்.

முன்பெல்லாம் எங்கள் அரசாங்கம் நல்ல மளிகைக்கடைக்காரர் மாதிரி. முன்னதாகவே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், பழையதில் மிச்சம் இருந்த மாதங்களை வீணாக்காமல் புதியதில் சேர்த்துக் கொடுத்துவிடும். பத்து வருடத்தோடு எட்டு மாதம் கொசுறு. வாங்கியவர்களுக்கு ஏக சந்தோஷம்.

பிறகு நாங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தோம். (ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த ஊரில் அதைப் பற்றிப் பேசி நான்கு கிறிஸ்துமஸ் விருந்துகள் பாழாகியிருக்கின்றன.) அதற்கப்புறம் அந்தக் கரையில் இறங்க இரண்டு கணக்கு. ஒன்று, திரும்பும் நாளுக்குப் பின்னும் பாஸ்போர்ட்டில் மூன்று மாதமாவது உயிர் இருக்க வேண்டும். இரண்டு, இறங்குகிற அன்று அது கொடுக்கப்பட்டுப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது. கொசுறு செல்லாது.

எங்கள் ஆட்கள் எல்லோரும் முடியும் தேதியைத்தான் பார்ப்பார்கள். கொடுத்த தேதியை யார் பார்க்கிறார்கள்? நான் பார்க்கிறேன்.*

*ஒரு தடவை பார்க்காமல் விட்டேன். அந்த மனிதரை டச்சுக்காரர்கள் இறங்க விடவில்லை. துறையில் கட்டிப்போட்ட கப்பலிலேயே நாள் முழுக்க உட்கார்ந்து, ஊரைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கம்பெனிக்கு அபராதம், எனக்கு ஒரு கடிதம். அதில் ‘இன்னொரு முறை’ என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

4

இனி அந்தப் பன்னிரண்டு நிமிடம்.

ஐலீனுடன் வந்தவர் நார்மன் ஹெஸ்லப். முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டியவர், கனத்த ஆள், கழுத்தில் புது மஃப்ளர். திரையில் இருவருக்கும் சேர்த்து ஒரே அறை. ஒரே தெரு, ஆனால் வேறு வேறு கதவு: பதினாலு, பதினேழு. மீதியை வரிசையில் நின்ற நேரத்திலேயே நார்மன் முன்னால் இருந்தவர், பின்னால் இருந்தவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார். அவர் மனைவி போய் ஆறு வருடம். ஐலீனின் கணவர் போய் நாலு. இரண்டு வருடமாக ஞாயிறு மத்தியானச் சாப்பாடு சேர்ந்துதான், ஒரு வாரம் இவர் வீடு, மறு வாரம் அவர் வீடு. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, அப்புறம் ஒருவர் பாத்திரம் கழுவ ஒருவர் துடைக்க, ஆறு மணிக்கு “அப்ப வரட்டுமா.” தெருவைக் கடக்கப் பதினெட்டு எட்டு வைத்தால் போதும்.

அந்த “வரட்டுமா”வுக்கு மேல் இரண்டு வருடமாக இருவராலும் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. இந்தப் பயணம்தான் அந்த வார்த்தை. அதைச் சொல்ல நார்மனுக்கு ஒரு கப்பலே தேவைப்பட்டிருக்கிறது.

பாஸ்போர்ட் இரண்டையும் கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

“தம்பி, அந்த ரூம்ல கட்டில் எப்படி? மேல கீழயா, பக்கத்துல பக்கத்துலயா?”

ஐலீன் உடனே திரும்பி, சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் படிக்கத் தொடங்கினார்.

“மேல கீழ, சார்.”

“நான் மேல ஏறிக்கறேன்.”

“உன் முழங்காலுக்கு நீ மேல ஏறினா, இறக்க ஹெலிகாப்டர்தான் வரணும்,” என்றார் ஐலீன், தீயணைப்பு விதிகளிடம்.

நார்மனின் பாஸ்போர்ட் பளபளவென்று இருந்தது. பழையதை மார்ச் மாதம் கால்சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டாராம். “மூணு வாரம் என்னைத் திட்டினா தம்பி இவ,” என்றார் பெருமையாக.

ஐலீனுடையதைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறை. ஒரு மடிப்பு கிடையாது. முடியும் தேதி 2024 பிப்ரவரி 12. கொடுத்த தேதி 2013 ஜூன் 12. நாளைக் காலை ஆம்ஸ்டர்டாமில் இறங்கும்போது அதற்குப் பத்து வருடம் ஐந்து நாள்.

விரல் விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். தேதிக்கு இரக்கம் வரவில்லை.

“அம்மா, முடியற தேதி சரியாத்தான் இருக்கு. ஆனா குடுத்த தேதிலேர்ந்து பத்து வருஷம் தாண்டிடுச்சு. அங்க இறங்க விட மாட்டாங்க. அதனால என்னால ஏத்த முடியாதும்மா.”

“எத்தனை நாள் தாண்டிருக்கு?” நார்மன்தான் கேட்டார்.

“அஞ்சு நாள்.”

பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு. ஐலீனுக்குப் பின்னால் நின்றது, கல்யாணத்துக்கு முன் நண்பர்களோடு கூத்தடிக்கக் கிளம்பிய ஒரு மாப்பிள்ளைக் கூட்டம். மாப்பிள்ளைக்குக் காற்றாலை வேடம் போட்டுவிட்டிருந்தார்கள். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் தலையில் இறக்கை இடித்தது.

“அண்ணே, அஞ்சு நாள்தானேண்ணே! விடுங்கண்ணே!” என்றது காற்றாலை.

“அவரைத் தொந்தரவு பண்ணாதப்பா. அவர் வேலை அவருக்கு,” என்று ஐலீன் அவனை அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினார். “மன்னிச்சுக்கோங்க தம்பி. உங்களுக்கு வீண் சங்கடம்.”

(இதுதான் எங்கள் ஆட்கள். காலை மிதித்தால் மிதித்தவரிடம் மன்னிப்புக் கேட்பார்கள். அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.)

நார்மன் விடவில்லை. குனிந்து, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, ரகசியம் பேசுகிற தொண்டையில், அதாவது பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கிற மாதிரி சொன்னார்: “தம்பி, இறங்கினாத்தானே பிரச்சினை? நாங்க இறங்கவே மாட்டோம். ஆம்ஸ்டர்டாம் யாருக்கு வேணும்? எங்களுக்கு ரூம் மட்டும் இருந்தாப் போதும்!”

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. காது நுனியிலிருந்து கழுத்து வரை சிவந்தது. மாப்பிள்ளைக் கூட்டம் கை தட்ட ஆரம்பித்தது. ஒருவன் விசிலடித்தான்.

“நார்மன், இன்னொரு வார்த்தை பேசின, நான் வீட்டுக்கு நடந்தே போயிடுவேன்.”

“ஒம்பது மைல் அம்மணி.”

“அது ஒரு வார்த்தை.”

5

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. 2013 ஜூன் 12 என்பதில் ஒன்றை இரண்டாக்கினால் போதும். ஜூன் 22. ஐந்து நாள் மிச்சம் வைத்து உள்ளே போய்விடலாம்.

நான்காவது பிரதியில் அப்படித்தான் செய்தேன். இருவரும் கப்பலில் ஏறினார்கள். கை அசைத்தார்கள். அதோடு கதையையும் விட்டுப் போய்விட்டார்கள். நான் ஒரு பக்கம் எழுதி, அடுத்து என்ன எழுதுவதென்று தெரியாமல் காலிக் கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜத்தில் கண்ணை மூடத் துணியாதவன், காகிதத்தில் மூடிக்கொண்டு வள்ளலாகப் பார்த்திருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஐலீன். பாத்திரமாக அவர் எனக்குப் பிடிபடவில்லை. சூப் டப்பா வாங்கினாலும் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கிற பெண், பயணச்சீட்டோடு வந்த விதிகளைப் படிக்காமலா இருந்திருப்பார்? ஐந்தாவது பிரதியில் அவருக்குக் கண் பார்வையைக் குறைத்தேன். நம்பும்படி இல்லை. ஆறாவதில், கட்டிலுக்குப் பயந்து வேண்டுமென்றே செல்லாத பாஸ்போர்ட்டோடு வந்தார் என்று எழுதினேன். அது கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருந்தது. என் புத்திசாலித்தனத்தை நான் எப்போதும் சந்தேகிப்பேன், அனுபவம் அப்படி.

ஒரே நாளில் புது பாஸ்போர்ட் கொடுக்கிற அலுவலகம் டர்ஹாமில் இருக்கிறதே, அங்கே அவர்களைக் காரில் ஏற்றி அனுப்பினால் என்ன

(அதற்கு நேரம் வாங்கவே குறைந்தது இரண்டு நாள். கப்பலுக்கு இருந்தது ஒன்றே கால் மணி. வாசகர்களில் விவரம் தெரிந்தவர்கள் கடிதம் எழுதிவிடுவார்கள்.)

6

முடிவுகள்.

முதல் முடிவு: நார்மன் தனியாகப் போகிறார். மேல் கட்டிலில் பெட்டி, கீழ்க் கட்டிலில் நார்மன். ஞாயிறு காலை ஐலீன் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சக்கரம் பாலாடைக்கட்டி கொடுக்கிறார். “வரட்டுமா.” பதினெட்டு எட்டு.

இரண்டாவது முடிவு: நார்மன் போகவில்லை. இருவரும் டாக்ஸியில் திரும்புகிறார்கள். அவரவர் கதவில் இறங்கி

இங்கேதான் எழுதுகோல் நிற்கிறது. போகாமல் இருந்தால் மட்டும் போதுமா? இரண்டு வருடம் சொல்லாததைத் தெருவில், டாக்ஸிக்காரர் எதிரில் சொல்லிவிடுவாரா?

7

சரி. ஏழு பிரதியிலும் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. என் கைச்சரக்கு என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் விட்டேன். எனக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள், ஆகவே சொல்கிறேன்.

ஐலீன் தன் பாஸ்போர்ட்டை உறைக்குள் போட்டுக்கொண்டு, “நீ போயிட்டு வா நார்மன். எனக்கு ஒண்ணுமில்ல,” என்றார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் போகக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். நார்மன் மட்டும் பச்சை விளக்கு விழுந்தால் வண்டியை எடுத்தே பழகியவர். நான் அவருக்கான போர்டிங் பாஸை அச்சடித்துவிட்டேன், பழக்க தோஷம்.

அவர் அதை வாங்கவில்லை. ஐலீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

ஐலீன் கைப்பையின் ஜிப்பை மூடினார். திறந்தார். மூடினார்.

“நேத்து மத்தியானம். பெட்டில வைக்கறப்ப பாத்தேன்.”

“சொல்லியிருக்கலாமே ஐலீன்.”

“சொன்னா வந்திருக்க மாட்டோம்.”

“இப்பவும் போகலியே.”

“போகல,” என்றார் ஐலீன். “ஆனா பெட்டி கட்டிக்கிட்டு உன்கூட வந்தேன்ல.”

காற்றாலை கூட அசையவில்லை.

8

நார்மன் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். நான் அங்கே உட்கார்ந்திருந்தவன். ஆனால் சொல்லப்போவதில்லை.

கோபப்படாதீர்கள். பத்தொன்பது வருடமாக, யார் போகலாம், யார் போகக் கூடாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கதையிலும் நானே உட்கார்ந்து சொல்ல வேண்டுமா? ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காரட்டும். வாருங்கள். கொஞ்சம் ஆடும், இடது பக்கம் சாயாதீர்கள்.

உட்கார்ந்தாகிவிட்டதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நார்மன். ஐலீன் தன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார், வாசலைப் பார்க்கவில்லை, கப்பல் பக்கமும் பார்க்கவில்லை. கூடத்தில் எல்லோரும் தங்கள் காலணிகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர்கூடக் காதை மூடவில்லை. போர்டிங் பாஸை நீட்டியபடி இருப்பது இப்போது உங்கள் கை.

நார்மன் மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு, தொண்டையைச் செருமுகிறார். வாயைத் திறக்கிறார்.

அவசரப்பட்டு ‘அடுத்தவர் வரலாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.