ஆவாரம்பட்டைக் கஷாயம்

டாக்டரம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் கங்காதரன்; ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதுபவர். பக்கத்து முக்காலியில் அவர் மனைவி பங்கஜம். கதவோரப் பெஞ்சில், துணைக்கு வந்த அண்டைவீட்டு வாஹித் பாஷா. தோல் பதனிடும் தொட்டிகளுக்கு மேஸ்திரி. அவர்களின் ஏழு வயது மகன் ஜம்பு மட்டும் எங்கும் உட்காரவில்லை. மேசை மூலையில் வயிற்றை அழுத்திக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்து ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தான்.

ஜம்புவுக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வெள்ளைச் சோறும் பொறை ரொட்டியும் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டான். அதையெல்லாம் வீடு பழகிக்கொண்டது. ஒரு வருஷமாக எந்நேரமும் கசிகிற பேதியையும், அலறலையும்தான் தாங்க முடியவில்லை. பங்கஜம் துரும்பாய் இளைத்ததைப் பார்த்து, குடியாத்தத்திலிருக்கும் கங்காதரனின் அண்ணன் பக்தவச்சலம் முடிவாகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை வந்து பையனை மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவதாக. அண்ணன் பேச்சைத் தட்டி அறியாத கங்காதரன் தலையாட்டினார். அன்றிலிருந்து பங்கஜம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் ஒரு தரம் வேலூரில் காட்டிவிடலாம் என்று பஸ் ஏற்றிக் கூட்டிவந்தவர் வாஹித் பாஷாதான்.

டாக்டரம்மா விரலால் வயிற்றைத் தொட்டதும் ஜம்பு வில்லாய் வளைந்து கத்தினான். மறுபடி தொட்டபோது கடிக்கப் பார்த்தான். அமுக்கிப் பிடிக்க எழுந்தார் கங்காதரன்.

“லேசாத் தொட்டா அவனுக்கு ஆவாதும்மா,” என்றாள் பங்கஜம். “நல்லா அழுத்திப் பிடிங்க. இருப்பான்.”

டாக்டரம்மா உள்ளங்கையை முழுசாகப் பதித்து அழுத்தினார். முனகல்கூட நின்றது. கை இடப்பக்கம் இறங்கி, ஓரிடத்தில் தயங்கி, திரும்ப மேலே போய் வந்தது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கங்காதரன் வேளைவாரியாக ஒப்பித்தார். கடைசியில், பேதி நிற்க ஆவாரம்பட்டைக் கஷாயம். நின்றபாடில்லை என்பதால் இப்போது மூன்று வேளையும்.

பட்டை ஏது என்றதும் வாஹித் பாஷா எழுந்தார்.

“நான் குடுத்ததும்மா. தொட்டிக்குப் போடற சுத்தமான பட்டை. எங்க ஆளுங்க வயித்தால போனா அதைத்தான் காச்சிக் குடிப்பாங்க.”

“தொட்டியில போட்டா தோல் என்ன ஆவும், பாய்?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“இறுகிடும். அப்புறம் தண்ணிகூட உள்ள எறங்காது...” என்றவர் பங்கஜத்தைப் பார்த்தார்.

இது பேதியே இல்லை என்றார் டாக்டரம்மா. குடலில் கல்லாக மலம் அடைத்திருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு வழிகிற நீர்தான் பேதியாகத் தெரிந்திருக்கிறது. கஷாயம் கொடுத்து நிறுத்த நிறுத்த அடைப்பும் ஏறியிருக்கிறது.

“ஆட்டுத்தோல் பக்குவத்தைப் புள்ளைக்குப் பாத்துட்டேனே,” என்றார் பாய்.

“நீங்க குடுத்தீங்க, நான் ஊத்துனேன். விடுங்க,” என்றாள் பங்கஜம்.

கங்காதரன் தொண்டையைச் செருமினார். “இவன் புத்திக்கு?”

“அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. அது அவன் சுபாவம். வலியைச் சொல்லத் தெரியாத புள்ள அலறாம என்ன பண்ணுவான்? வலி போனா அலறல் கம்மியாவும். வீட்டுலயே வெச்சுக்குங்க.”

வார்டில் சேர்த்தார்கள். எனிமா வைத்தார்கள், எண்ணெய் மருந்தைப் பங்கஜம் அவனுக்குத் தெரியாமல் சோற்றில் பிசைந்தாள். மறுநாள் மத்தியானம் அடைப்பு விட்டது. நர்சு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாஹித் பாஷா வராந்தாவில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சேதி சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்தார். ஜம்பு கட்டிலில் கால் நீட்டிப் படுத்தான். இந்த ஒரு வருஷத்தில் முழங்காலை வயிற்றில் மடக்காமல் அவன் படுத்து யாரும் பார்த்ததில்லை.

“தூங்கறான் பாருங்க,” என்றாள் பங்கஜம், கங்காதரனிடம்.

அவர் வாசலுக்குப் போய் ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கிவந்தார். க்ஷேமம் விசாரித்து, நடந்ததை வரிசையாக எழுதினார். கடைசி வரிக்கு வெகுநேரம் பேனா ஓடவில்லை. பிறகு எழுதினார்: ‘ஆகையால் வெள்ளிக்கிழமை தாங்கள் வர வேண்டாம். ஜம்பு எங்களோடுதான் இருப்பான். தாங்கள் மன்னிக்கவும்.’

பங்கஜம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். “மன்னிப்பு எதுக்கு?”

யோசித்தார். அந்த வரியை மட்டும் அடித்தார். மடித்து, ஓரத்தை நாக்கில் தொட்டு ஒட்டி, முழங்கையால் தேய்த்தார். ஆஸ்பத்திரி வாசல் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று துவாரத்தில் ஒரு தரம் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார்.