ரிசோர்ஸ்ஃபுல் என்றொரு பாராட்டு

எழுபத்தெட்டில் என் கணவர் சிவராமலிங்கம் இலாகா பரீட்சைக்காகத் தினம் ஓர் ஆங்கில வார்த்தை படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "ரிசோர்ஸ்ஃபுல். இருக்கிறத வச்சு எதையும் சமாளிக்கிற ஆளுன்னு அர்த்தம். ஒன்னயத்தான் சொல்லுது" என்றார். எனக்குக் கூச்சமாகவும் இனிப்பாகவும் இருந்தது.

அந்த வாரம் ஆடித்தபசு. ஊரில் எல்லா வீட்டிலும் விருந்தாள். ராயகிரியிலிருந்து கொழுந்தன் ஞானசம்பந்தம் ஒரு வண்டி ஆட்களோடு வந்து இறங்கினார். முருங்கைக்கீரையைப் போட்டுக் குழம்பைப் பெருக்கினேன். வாழை இலை தீர்ந்ததும் பூவரச இலையைத் தைத்தேன்.

"மைனிக்குக் கை நாலா?" என்றார் கொழுந்தன்.

"அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்குலே" என்று என் கணவர் அந்த வார்த்தையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம்தான் தபசிருந்த அம்மனுக்குச் சாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுப்பார். கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி வாழ வந்து ஆறு வருஷம். ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பேன்.

முகம் கழுவிப் புறப்பட்ட கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ராத்திரிக்கு எல்லாருக்கும் தோசை போட்டிரு. மாவு பத்தாட்டாலும் நீ சமாளிச்சிருவ."

அம்மன் ஒற்றைக்காலில் நின்று, எனக்கு இது வேண்டும் என்று கேட்டவள். நான் இந்த வீட்டில் எதையும் கேட்டதில்லை. கேட்காததற்காகத்தான் அந்த வார்த்தையை எனக்குக் கொடுத்திருக்கிறார்களோ?

"சமாளிக்க முடியாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் காட்சி பாக்கணும்."

"இம்புட்டுப் பேருக்குச் சாப்பாடு?"

"எனக்குத் தெரியல."

கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தன வருசத்துல நீ ஒரு வார்த்தை சொல்லலியே, செம்பகம்."

"நீங்களும் கேக்கலியே."

அவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே சம்பந்தம், ராத்திரிக்கு எல்லாருக்கும் கிளப்புக்கடைத் தோசைதான். வீட்ல அடுப்பு எரியாது."

"ஏன், மைனிக்கு மேலுக்கு முடியலியா?"

"நல்லாத்தாம்லே இருக்கா. சாமி பாக்க வாரா."

ரதவீதியில் தலைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவர் கூட்டத்தை விலக்கி என்னை முன்னால் நிறுத்தி, பின்னால் இரண்டு கைகளையும் விரித்து அணை கட்டினார். கரிசல்காட்டுக்காரர்கள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் காணிக்கையாக அம்மனை நோக்கி அள்ளி வீசினார்கள். சாமி காட்சி கொடுத்தபோது, தீபாராதனையில் அம்மனின் முகத்தை நன்றாகவே பார்த்தேன்.

கூட்டம் கலைந்தபோது, "எனக்கு ஒரு சோடா வேணும்" என்றேன்.

இரண்டாவது தடவை கேட்பது அவ்வளவு சிரமமாக இல்லை.